ஒருங்கிணைப்புக்கு ஏன் தனி நல்கை? நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவை நல்லபடியாக முடிந்து, பழையபடி உங்கள் கையெழுத்திலேயே நான்கு பக்கம் எழுதியிருப்பதைப் பார்த்ததும் மனம் நிறைந்தது. நானும் நலமே. உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி அந்தக் கூட்டாய்வு விண்ணப்பத்தைப் பற்றியே இருப்பதால், மற்றச் செய்திகளை ஒதுக்கிவிட்டு நேராக அதற்கே வருகிறேன். கணையப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் முயற்சியில் சேர உங்கள் ஆய்வகத்துக்கு அழைப்பு வந்திருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால், ஆய்வுக்கான நல்கையில் இவ்வளவு பெரிய பங்கு, எல்லா ஆய்வகங்களின் மாதிரிகளையும் தரவுகளையும் ஒன்றுசேர்த்துக் காக்கும் ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போவானேன், அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு ஆய்வகங்களை நடத்தலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒருங்கிணைப்பு வேலையிலேயே பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் நான் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நோயின் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 13 பேருக்குக் கணையப் புற்றுநோய் வருகிறது. நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 99 பேரைச் சரியாகவே விலக்கிவிடும் ஒரு நல்ல இரத்தச் சோதனையை அந்த ஒரு லட்சம் பேருக்கும் செய்தால், 13 பேரைத் தேடப் போய், நோயே இல்லாத ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கலங்கவைத்து ஸ்கேனுக்கும் ஊசிச் சோதனைக்கும் அனுப்ப நேரும். அறிகுறி இல்லாத பொதுமக்களுக்குக் கணையப் புற்றுநோயைத் தேடும் பரிசோதனையே வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2019இல் மீண்டும் சொன்னதை நீங்களும் படித்திருப்பீர்கள். ஆகவே, நோய் வர வாய்ப்புக் கூடுதலாக உள்ளவர்களிடம்தான் தேட வேண்டியிருக்கிறது: குடும்பத்தில் பலருக்கு இந்நோய் கண்டவர்கள், பிஆர்சிஏ2 போன்ற மரபணுக்களில் மாற்றம் உள்ளவர்கள், கணையத்தில் சிலவகை நீர்க்கட்டிகள் உள்ளவர்கள், 50 வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள்.

இந்தக் கடைசிக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுரேஷ் சாரியும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், 50 வயதுக்கு மேல் புதிதாக நீரிழிவு கண்ட 2122 பேரில் 18 பேருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் கணையப் புற்றுநோய் தெரியவந்தது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு அதிகம். ஆனாலும் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இதே விகிதத்தில் பார்த்தால், பத்தாயிரம் பேரைச் சேர்த்து, இரத்தம் எடுத்து உறையவைத்து, மூன்றாண்டு விடாமல் பின்தொடர்ந்தாலும், நோய் வெளிப்படுமுன் எடுத்த இரத்தம் என்று கைக்கு வருவது நூறு பேருடையதைக்கூட எட்டாது. எந்தத் தனி மருத்துவமனையால் பத்தாயிரம் பேரைச் சேர்க்க முடியும்?

என் அண்ணனுக்கு 58 வயதில் திடீரெனச் சர்க்கரை வந்ததும், அதோடு உடல் மெலிந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். உணவுக் கட்டுப்பாட்டால் இளைக்கிறார் என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தோம்; நானும்தான். கண் மஞ்சளான பிறகு ஸ்கேன் எடுத்தபோது கட்டி கல்லீரல்வரை பரவியிருந்தது. கணையத்துக்குள் மட்டும் இருக்கும்போது கண்டறியப்பட்டவர்களில் நூற்றுக்கு 44 பேர்வரை ஐந்தாண்டைக் கடக்கிறார்கள் என்றும், எல்லா நிலைகளையும் சேர்த்தால் அது 13தான் என்றும் அமெரிக்கப் புள்ளிவிவரங்கள் சொல்லும்போதெல்லாம், அவருக்குச் சர்க்கரை வந்த அந்த முதல் சில மாதங்களைத்தான் எண்ணிக்கொள்கிறேன்.

ஒருங்கிணைப்பு என்றால் கூட்டம் கூட்டுவதும் அறிக்கை தொகுப்பதும்தானே என்கிறீர்கள். நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பல நாட்டு மையங்கள் சேர்ந்த ஓர் ஆய்வில், ஒரு குழாயின் மீது இரத்தம் எடுத்த நாள் 02/10 என்று இருந்தது. நோய் உறுதியான நாள் அதே ஆண்டு செப்டம்பர் 18. எங்கள் பட்டியல் மாதத்தை முன்னால் வைத்துப் படித்ததால் அது பிப்ரவரி 10 ஆயிற்று. நோய் தெரிவதற்கு ஏழு மாதம் முன்பே எடுத்த அரிய மாதிரியாக அது பதிவாயிற்று. அதில் சிஏ 19-9 என்ற குறிப்பானின், அதாவது இந்நோயில் இரத்தத்தில் கூடும் பொருளின், அளவு மிக உயர்ந்திருந்ததால் எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. எங்கள் தரவு மேலாளர் மட்டும் பக்கத்துக் கட்டத்தில் இருந்த, காமாலையில் உயரும் பிலிருபின் நிறமியின் அளவைப் பார்த்துவிட்டு, இவ்வளவு மஞ்சள் காமாலையோடு ஒருவர் ஏழு மாதம் நோயறியாமல் இருந்திருப்பாரா என்று கேட்டார். அந்த மையம் நாளை முன்னால் எழுதும் வழக்கம் உடையது. இரத்தம் எடுத்தது அக்டோபர் 2, அதாவது நோய் உறுதியாகி இரண்டு வாரம் கழித்து. பித்தநாளம் அடைபட்டாலே சிஏ 19-9 உயரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல; ஆகவே அந்த உயர்வை முன்னறிகுறியாகக் கொள்ளவே முடியாது. அந்த மையத்தின் எல்லா நாள்களையும் மூல ஏடுகளோடு ஒப்பிட்டுத் திருத்த இரண்டு மாதம் பிடித்தது. அந்த மேலாளரின் சம்பளம், நீங்கள் வெட்டச் சொல்லும் அதே தலைப்பில்தான் வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. எந்தக் குழாய் நோயாளியுடையது, எது நலமாய் இருப்பவருடையது என்பது சோதிக்கும் ஆய்வகத்துக்குத் தெரியக் கூடாது. முன்கூட்டியே மாதிரிகளைச் சேர்த்துவைத்து, நோய் வந்தவர் யார் என்று தெரிந்த பின் மறைவாகச் சோதிக்கும் முறையை மார்கரெட் பெப்பியும் உடனாய்வாளர்களும் 2008இல் வகுத்துத் தந்தார்கள். அந்த முறை நடக்க, எந்தக் குழாய் யாருடையது என்ற திறவுகோலைத் தன் கையில் வைத்துக்கொண்டு எந்தக் குறிப்பானுக்கும் சொந்தம் கொண்டாடாத ஒருவர் வேண்டும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தன் கணையப் புற்றுநோய் கண்டறிதல் கூட்டமைப்பில் ஆய்வகங்களுக்கு யு01 வகை நல்கையும், மேலாண்மைக்கும் தரவு ஒருங்கிணைப்புக்கும் தனியே யு24 வகை நல்கையும் வைத்திருப்பது மிகச் சரியான ஏற்பாடு என்பேன். ஒரே பையிலிருந்து இரண்டுக்கும் கொடுத்தால், நெருக்கடி வந்ததும் முதலில் வெட்டுப்படுவது குழாய்களைக் காக்கும் வேலைதான்.

உங்கள் ஐயத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பயணத்துக்கும் கூட்டங்களுக்கும் தாராளமாக ஒதுக்கிவிட்டு, முழுநேரப் புள்ளியியலாளர் ஒருவரைக்கூட அமர்த்தாத மையங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆகவே, தொகையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். அது எதற்குப் போகிறது என்று கேளுங்கள். புள்ளியியலாளர், தரவு மேலாளர், மாதிரிக் கிடங்குப் பொறுப்பாளர் ஆகிய மூவரின் ஊதியமும் கடைசி ஆண்டுவரை உறுதியாகியிருக்கிறதா என்று வரவுசெலவுப் பக்கத்தில் விரல் வைத்துப் பாருங்கள். நல்கை ஐந்தாண்டில் முடிந்த பிறகு மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிகளின் மின்கட்டணத்தை யார் கட்டுவார்கள் என்றும் கேளுங்கள். முதல் மரபணு மாற்றத்திலிருந்து புற்றணு உருவாகப் பத்தாண்டுக்கு மேல் ஆகலாம் என்று 2010இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியதே, அவ்வளவு மெதுவாக வளரும் நோய்க்காகச் சேர்த்த இரத்தத்தின் உண்மையான பயன் நல்கை முடிந்த பின்னரே தொடங்கக்கூடும்.

உங்களிடம் ஓர் உதவி வேண்டும். உங்கள் ஆய்வகத்தில் இரத்தம் எடுத்ததற்கும் அதிலிருந்து சீரம் என்ற தெளிநீரைப் பிரித்ததற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆகிறது, அதை யார் எந்த ஏட்டில் எழுதுகிறார் என்ற குறிப்பை, கடந்த ஓராண்டுக்கேனும், விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஒருங்கிணைப்பு மையம் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அதைத்தான். ஒரு படியை எனக்கும் அனுப்பினால், உங்கள் ஏட்டில் நாள் எந்த வரிசையில் எழுதப்படுகிறது என்பதை நானும் பார்த்துவைக்கிறேன்.

என்றும் அன்புடன்,
தங்கள் நண்பன்