சரிவுகளின் ஊர்

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியில் வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. எனக்கு இரண்டாவது கண்ணிலும் புரை அறுவை முடிந்து மூன்று வாரமாகிறது. மருத்துவர் அனுமதித்ததும் முதலில் பார்த்தது, தொண்ணூறுகளில் உன் வீட்டில் வீடியோ கேசட்டில் நாம் பார்த்த, ஹிட்ச்காக் இயக்கிய ‘வெர்டிகோ’ (1958) படம்.

கதை நம்பும்படியாக இல்லை என்று அன்று நீ சொன்னாய், நானும் ஆமோதித்தேன். இப்போது என் எண்ணம் மாறிவிட்டது. பிரான்சில் நடக்கும் ஒரு நாவலை சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுவந்ததிலேயே ஹிட்ச்காக் பாதிக் கதையைச் சொல்லிவிட்டார். உயரத்தைக் கண்டால் தலைசுற்றும் ஸ்காட்டி, எங்கு திரும்பினாலும் மேடும் இறக்கமுமாக இருக்கும் ஊரில் வாழ்கிறான். நண்பன் கேட்டுக்கொண்டதற்காகத் தான் கண்காணிக்கும் மேடலின் என்ற பெண்ணின் பச்சைக் காரைத் தொடர்ந்து அவன் செல்லும்போது, தெருக்கள் அவனைக் கீழே கீழே இழுத்துச் செல்வதாகவே எனக்குத் தோன்றியது. வசனமற்ற அந்த நீண்ட பகுதியில் ராபர்ட் பர்க்ஸின் கேமரா அவன் முகத்தையும், கார்க் கண்ணாடி வழியே அவன் காண்பதையும் மாறிமாறிக் காட்டுவதால், அவனோடு சேர்ந்து நாமும் வேவு பார்க்கத் தொடங்கிவிடுகிறோம்.

மணிக்கூண்டுப் படிக்கட்டுக் காட்சி உனக்கு நினைவிருக்கும். கேமரா முன்னுக்கு நகர, அதே வேளையில் ஜூம் லென்ஸ் பின்னுக்கு விலகுவதால், கைப்பிடிகள் நின்ற இடத்திலேயே நிற்க, அடித்தளம் மட்டும் நழுவி ஆழத்துக்குப் போகிறது. கேமராவை உயரத்தில் ஏற்றி இறக்க 50,000 டாலர் ஆகும் என்றதால், படிக்கட்டின் சிறு மாதிரியைச் செய்து, தரையில் படுக்கவைத்து, 19,000 டாலரில் எடுத்தார்களாம். இன்னொன்றும் கேள்: சான் வான் பாட்டிஸ்டா தேவாலயத்தில் அப்போது அந்தக் கோபுரமே இல்லை, படத்துக்காகத் தந்திரக் காட்சியில் எழுப்பியது அது. இல்லாத ஒருத்தியைக் காதலிப்பவன் இல்லாத கோபுரத்தில் ஏறுகிறான்!

அந்த விடுதி அறையில், வெளியே எரியும் நியான் பலகையின் பச்சை ஒளிக்குள்ளிருந்து, முன்பு மேடலினாக நடித்து ஸ்காட்டியை ஏமாற்றிய ஜூடி, மறுபடி மேடலினின் தோற்றத்தில் மெல்ல உருத்திரண்டு வருகிறாள். கேசட்டில் அது வெளிறிய சாம்பலாகத்தான் தெரிந்தது. இம்முறை அந்தப் பச்சையைப் பார்த்து உடல் சிலிர்த்தது.

டிசம்பரில் நீ வரும்போது அதை உன்னோடு மறுபடி பார்க்க வேண்டும்.

அன்புடன்,
வரதன்