பாப்பாவுக்கு, நிலத்தடி நீர் குறித்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் முன்பைவிடத் தேவலை. அக்கா வீட்டுச் செய்திகளை அவளே உனக்குச் சொல்லியிருப்பாள். கைபேசியில் தட்டச்சு செய்யும் பொறுமை எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆகையால் இதைக் காகிதத்தில் எழுதி, படமெடுத்து உனக்கு அனுப்பும்படி எதிர்வீட்டுப் பையனிடம் கொடுக்கப்போகிறேன். அவன் படித்தாலும் பாதகமில்லை, நிலத்தடி நீரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நீ மெக்சிகோவுக்குப் போய்வந்ததை உன் அத்தை மகன் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. கேட்டவுடன் படங்களை அனுப்பினாய், "அழகான இடம்ப்பா" என்று ஒரு வரியும் சேர்த்திருந்தாய். ஊட்டிக்குப் போனவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். யுகடான் தீபகற்பத்தின் அடிவயிற்றுக்குள் இறங்கி நீந்திவிட்டு வந்தவள், அதுவும் வாழ்நாள் முழுவதும் நிலத்துக்கடியில் நீர் தேடியவனின் மகள், இன்னும் நான்கு வரி எழுதியிருக்கலாம்.

படங்களை வரிசைப்படி பார்த்தோம். மாயா மக்களின் பழைய நகரமான சிச்சென் இட்சாவில் உள்ள குக்குல்கான் பிரமிடுக்கு நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படிகள், அவற்றோடு உச்சிமேடையும் சேர்ந்து 365 என்று வழிகாட்டி சொல்லியிருப்பார். அதன் அடியில் நீ நிற்கும் படத்தைப் பார்த்ததும் அம்மா கேட்டது, மேலே ஏறினாளா என்பதுதான். 2006-இல் ஒரு பெண்மணி தவறி விழுந்து இறந்த பிறகு அங்கே யாரையும் ஏறவிடுவதில்லை என்று சொன்னேன். அவளுக்கு வந்த நிம்மதி அடுத்த படம் வரைக்கும்தான் இருந்தது. அந்தப் படத்துக்குப் பிறகு வருகிறேன்.

அந்தப் பிரமிடின் முன்னால் நின்றபோது உன் காலுக்கடியில் என்ன இருக்கிறது என்று யாராவது சொன்னார்களா? மெக்சிகோவின் தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பிரமிடின் அடித்தளத்தைச் சுற்றி மின்முனைகளைப் பதித்து, நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, எங்கெங்கே தடை கூடுகிறது, எங்கெங்கே குறைகிறது என்று அளந்தார்கள். ஒரு கல்லைக்கூடப் பெயர்க்காமல், பிரமிடுக்கு நேர் கீழே நீர் நிறைந்த குழி ஒன்று இருப்பதை 2015-இல் அறிவித்தார்கள். மறு ஆண்டு, சுமார் 30 மீட்டர் உயரமுள்ள வெளிப் பிரமிடுக்குள் ஏற்கெனவே தெரிந்திருந்த 20 மீட்டர் கட்டடத்துக்கும் உள்ளே, 10 மீட்டர் உயரத்தில் இன்னொன்று இருப்பதையும் இதே முறையில் கண்டறிந்தார்கள். பெரிய கருவிகளும் கணினியும் கொண்டு செய்திருக்கிறார்கள் என்றாலும் அடிப்படை ஒன்றுதான். நான்கு மின்முனைகளைச் சம்மட்டியால் அடித்து இறக்கி, வெளி முனைகள் இரண்டில் மின்சாரம் செலுத்தி, உள்முனைகள் இரண்டில் மின்னழுத்தத்தை அளந்து, மானாவாரிக் காடுகளில் வெயிலில் நின்று நான் செய்ததும் இதுவேதான். பள்ளி விடுமுறையில் ஒருமுறை நீயும் வந்து கம்பியின் மறுமுனையைப் பிடித்திருக்கிறாய். களக்குறிப்பேட்டில் தேதி, இடம், மறுமுனையைப் பிடித்தவர் பெயர் ஆகிய மூன்றையும் எழுதாமல் நான் எந்த அளவையும் எழுதியதில்லை என்பதால், உன் பெயரும் அதில் இருக்கிறது.

இனி அந்த அடுத்த படம். குகைக்குள் நீர், மேலே தொங்கும் சுண்ணாம்பு விழுதுகள், முதுகில் காற்று உருளையோடு நீ. அம்மா கைபேசியைத் திருப்பி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவள் திரும்பி வந்த பிறகு, பயப்பட வேண்டாம் என்று அவளுக்கு அந்த நிலத்தை விளக்கினேன். விளக்க விளக்க எனக்குத்தான் பயம் கூடியது. நம் மாநிலத்தில் முக்கால் பங்கு கெட்டிப் பாறை; நீர் விரிசல்களில் சிறைப்பட்டுக் கிடக்கும், அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். அங்கே நிலைமை தலைகீழ். தீபகற்பம் முழுவதும் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிப் பாறையைத் தின்றுகொண்டே உள்ளே இறங்குகிறது. ஆகவே வடக்கு யுகடானில் நிலத்தின் மேல் ஆறு என்று ஒன்று கிடையாது, ஆறுகள் அத்தனையும் பூமிக்கடியில் ஓடுகின்றன. குகையின் கூரை இடிந்து விழுந்து வானம் தெரிந்த இடங்களைத்தான் செனோட்டே என்கிறார்கள். மாயா மக்களின் ஊர்கள் அந்த வாய்களைச் சுற்றி எழுந்ததில் வியப்பில்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்து டைனோசர்களை அழித்த விண்கல், சிக்சுலுப் என்னுமிடத்தை மையமாகக் கொண்டு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் பறித்தது. மேலே படிந்த சுண்ணாம்பு அந்தப் பள்ளத்தை மூடி மறைத்துவிட்டாலும், அதன் விளிம்பை ஒட்டி இன்றும் செனோட்டேக்கள் வளையமாக நிற்கின்றன. நீ இறங்கிய தோஸ் ஓஹோஸ் அந்த வளையத்தைச் சேர்ந்ததல்ல, அது துலுமுக்கு அருகில், கடற்கரைப் பக்கம். அதுவும் சாக் அக்தூன் என்னும் குகை வலையும் ஒன்றோடொன்று இணைந்தவை என்பதை 2018-இல் முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தபோது மொத்த நீளம் 347 கிலோமீட்டர் என்று கணக்கிட்டார்கள். சென்னையிலிருந்து திருச்சி வரை நீருக்குள்ளேயே போகலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

உன் மேல் எனக்குப் பொறாமையும் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். ஒரு படத்தில் நீர் கலங்கி, எண்ணெய் கலந்ததுபோல் தெரிகிறது. கேமரா சரியில்லை என்று அதன் கீழே எழுதியிருக்கிறாய். கேமராவில் பழுதில்லை, பாப்பா. மழையின் நன்னீர் மேலேயும் கடலிலிருந்து உள்ளே புகுந்த உப்புநீர் கீழேயுமாக நிற்கின்றன. இரண்டும் கலக்கும் எல்லையில் ஒளி வளைவதால் எல்லாம் மங்கித் தெரியும். அந்தக் கலப்பு நீருக்குப் பாறையைக் கரைக்கும் வேகம் அதிகம் என்பதால் குகைகள் அகன்றதில் அதற்கும் பெரிய பங்குண்டு. மீஞ்சூரில் கடல்நீர் உட்புகுந்த காலத்தில், குழாய்க்கிணற்று நீரின் மாதிரிகளைக் குப்பிகளில் பிடித்து, உப்பின் அளவை எண்களாக எழுதி, அந்த எண்களை வரைபடத்தில் கோடாக இழுத்துத்தான் எங்களால் இந்த எல்லையைக் காண முடிந்தது. நீ அதற்குள் கையை நீட்டியிருக்கிறாய். என் துறையில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு இது கிடைத்திருக்கும்? நேற்று நடைப்பயிற்சியில் பழைய நண்பர்கள் எல்லோரிடமும் இந்தப் படத்தைக் காட்டினேன். மற்றப் படங்களைக் காட்டவில்லை.

அந்த விழுதுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீருக்குள் அவை உருவாகவே முடியாது, காற்றில் சொட்டுச் சொட்டாக விழுந்தால்தான் வளரும். பனியுக காலத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 100 மீட்டருக்கும் கீழே இருந்தபோது இந்தக் குகைகள் உலர்ந்து கிடந்தன என்பதற்கு அந்த விழுதுகளே சாட்சி. அக்காலத்தில் மனிதர்கள் குகைகளுக்குள் நடந்து போனார்கள். ஓயோ நெக்ரோ என்ற பள்ளத்தின் அடியில் 2007-இல் முக்குளிப்பவர்கள் கண்டெடுத்த எலும்புக்கூடு அப்படிப் போன ஒரு பெண்ணுடையது. நையா என்று பெயரிட்டிருக்கிறார்கள். வயது 15 அல்லது 16 இருக்கலாம், வாழ்ந்தது 12,000 ஆண்டுகளுக்கும் முன்னால். இருட்டில் தண்ணீர் தேடிப் போனவள் விளிம்பு தெரியாமல் உள்ளே விழுந்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறார்கள், இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. பள்ளத்தில் அவளைச் சுற்றிக் கிடந்தவை எல்லாம் விலங்குகளின் எலும்புகள். அவள் ஏன் தனியாகப் போனாள், வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போனாளா என்று அம்மா கேட்கிறாள். அறிவியல் அதற்கு என்ன பதில் சொல்லும்?

ஆகவே நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். குகை முக்குளிப்புப் பயிற்சிக்கு மீண்டும் போகப்போவதாக அத்தை மகனிடம் சொன்னாயாம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாமா தோட்டத்துக் கிணற்றில் முதுகில் காலி டின்னைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகியபோது, மூன்றாவது படியிலிருந்து குதிக்காதே என்று நான் மேட்டில் நின்று கத்தக் கத்த நீ ஐந்தாவது படிக்கு ஏறினாய். வேண்டாம் என்ற சொல்லுக்கு உன்னிடம் என்ன மரியாதை என்பது அன்றே தெரிந்துவிட்டது. பகல் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் பகுதியோடு திரும்பிவிடுபவர்களுக்கு ஆபத்து குறைவு. அதைத் தாண்டி, தலைக்கு மேல் பாறையாக இருக்கும் இடத்தில், மூச்சு முட்டினால் மேலே எழ வழியில்லை. அதனால்தான் நுழைவாயில்களில் எமனின் படத்தைப் போட்டு, இதற்கு மேல் போகாதே என்று எழுதி வைத்திருக்கிறார்கள். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, மீதி ஒரு பங்கு தொடாமல் இருப்பதற்கு. விளக்கு மூன்று. வெளிவாயில் வரைக்கும் அறுபடாத கயிறு. துடுப்பால் தரையைக் கிளறினால் வண்டல் எழுந்து விளக்கு வெளிச்சமே தெரியாமல் போய்விடும். அப்போது கயிறு ஒன்றுதான் வழி. கயிற்றை விடாதே. பயிற்சி முடிக்காமல் உள்ளே போகாதே, தனியாகப் போகாதே, கயிற்றை விடாதே.

தனியாகப் போகக் கூடாது என்பது அவர்களுடைய விதியும்தான் என்பதால், இதில் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. தொழில்நுட்ப ஐயம் என்றே எடுத்துக்கொள். உன் படங்களில் விளக்கொளி எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. ஆகவே எதிரில் ஒருவர் இருந்திருக்கிறார், அவரே படமும் எடுத்திருக்கிறார். வழிகாட்டி என்றால் சரி. ஆனால் சிச்சென் இட்சாவிலும், துலும் கோட்டைச் சுவரருகிலும், சாப்பாட்டு மேசையிலும் படமெடுத்தவர் அதே உயரத்திலிருந்துதான் எடுத்திருக்கிறார். கோணங்களைக் கணக்கிடுவது என் தொழில் புத்தி, விட்டுத்தொலைய மாட்டேன் என்கிறது. அம்மா வேறொன்றையும் கவனித்தாள். அதை எழுதமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நான் கேட்பது இவ்வளவுதான்: உன்னோடு நீருக்குள் இறங்குபவர் முறையாகப் பயிற்சி பெற்றவரா? காற்று குறைந்தால் தன்னுடையதைப் பகிர்ந்துகொள்ளக் கூடியவரா? பதற்றப்படாத ஆளா? இந்தக் கேள்விகளை எந்தத் தகப்பனும் கேட்பான். பொங்கலுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை அழைப்புகள் சுருங்கிவிட்டன. சேலத்து இடத்தைப் பற்றி இனி இந்த வீட்டில் யாரும் பேசப்போவதில்லை, அம்மாவே சொல்லிவிட்டாள்.

அவளுடைய இன்னொரு கவலையையும் தீர்த்துவிட்டேன். அங்கே கன்னிப்பெண்களைக் கிணற்றில் தள்ளிப் பலியிடுவார்களாமே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சிச்சென் இட்சாவின் புனித செனோட்டேயில் பலி நடந்தது உண்மைதான். எட்வர்ட் தாம்ப்சன் என்ற அமெரிக்கர் 1904 முதல் அதைத் தூர்வாரிப் பொன்னையும் பச்சைக்கற்களையும் எலும்புகளையும் எடுத்து ஹார்வர்டுக்கு அனுப்பினார். ஆனால் அதற்கு அருகில் ஒரு நிலத்தடித் தொட்டியில் கிடைத்த 64 குழந்தைகளின் எலும்புகளை மரபணு ஆய்வுக்கு உட்படுத்தி 2024-இல் வெளியிட்ட முடிவின்படி, அவர்கள் அத்தனை பேரும் ஆண் பிள்ளைகள். இரண்டு ஜோடி ஒற்றைக்கரு இரட்டையரும் அவர்களில் உண்டு. கன்னிப்பெண் கதையோடு இது பொருந்தவில்லை. அம்மாவுக்கு இது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு குறை மட்டும் எனக்கு உண்மையிலேயே உண்டு. இவ்வளவு தூரம் போய்விட்டு உஷ்மல் என்ற பழைய மாயா நகரத்துக்குப் போகாமல் திரும்பியிருக்கிறாய். அந்தப் பக்கம் நிலம் மேடு, நீர்மட்டம் மிக ஆழம், செனோட்டேக்கள் இல்லை. அங்கே இருந்தவர்கள் சுல்தூன் என்ற தொட்டிகளைப் பாறையில் குடைந்தார்கள். வாய் குறுகல், உள்ளே அகலம், சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்துப் பூச்சு. முற்றத்தில் விழும் மழையெல்லாம் அதில் போய்ச் சேரும். வறண்ட மாதங்களை அதை நம்பித்தான் கடத்தினார்கள். கட்டடச் சுவர்களெங்கும் நீண்ட மூக்குடைய மழைக்கடவுள் சாக்கின் முகத்தை அடுக்கடுக்காகப் பதித்ததற்குக் காரணம் புரிகிறதா? இயற்கை வெட்டிவைத்த குளத்தில் நீந்துவது இன்பம்தான். ஆனால் குளமே இல்லாத இடத்தில் ஒரு நகரத்துக்கு நீர் சேர்த்தவர்களின் வேலையை நீ பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அடுத்த முறை போகும்போது, குகைப் பயிற்சிக்கு முன்போ பின்போ, ஒரு நாளை அதற்கு ஒதுக்கு. அனுமதி கேட்டு, ஒரு சுல்தூனின் வாய் விட்டத்தையும், அதற்கு நீர் தரும் முற்றத்தின் நீள அகலத்தையும் அளந்து எனக்கு எழுது. ஆண்டு மழையளவை நான் தேடி எடுத்து, எவ்வளவு நீர் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டு வைக்கிறேன். முற்றம் பெரியதாக இருக்கும், நாடாவின் ஒரு முனையை நீ பிடித்தால் மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வேண்டும். நம் குறிப்பேட்டு வழக்கப்படி தேதி, இடம், அந்தப் பெயர் மூன்றையும் எழுதிவிட்டு அளவை எழுது.

அன்புடன்,
அப்பா