கனிக்கு, உப்பளத்திலிருந்து

அன்புள்ள கனிக்கு,

போன வாரம் உன் சமையல்கட்டில் அந்த ரோஸ் நிற உப்பைப் பார்த்தேன். விலையையும் பார்த்தேன். முப்பது வருஷம் தூத்துக்குடி உப்பில் கிடந்தவன் மகள் உப்புக்கு இவ்வளவு கொடுக்கிறாளே என்று உள்ளுக்குள் சிரிப்பு. மாப்பிள்ளை பக்கத்தில் நின்றதால் வாயைத் திறக்கவில்லை. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அயோடின் என்ற சொல்லே இல்லை. ஊருக்கு பஸ் ஏறிய பிறகுதான் உனக்கு இது மூன்றாம் மாதம் என்பது உறைத்தது.

இமயமலை உப்பு என்கிறார்கள். அது பாகிஸ்தான் பஞ்சாபில் வெட்டுகிற சுரங்க உப்பு. அந்த இமயமலை அடிவாரத்தில்தான் மழையும் பனியும் மண்ணின் அயோடினைக் கழுவிக்கொண்டு போய், ஊர் ஊராக முன்கழுத்துக் கழலை வந்தது. 1956-ல் இமாச்சலத்துக் காங்கிரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழு அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தது. கழலை குறைந்தது. 1962-ல் அரசுத் திட்டமே வந்தது.

நம் கடல் உப்பு மட்டும் என்ன வாழ்கிறது? கடலோரத்து உப்பில் அயோடின் தானாக இருக்கும் என்று உன் ஆச்சி சாகும்வரை சொன்னாள். கடல்நீரில் இருப்பதே சொற்பம். பாத்தியில் உப்பு விளையும்போது அதுவும் உப்போடு சேராமல், கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு போய்விடும். நாம் தெளித்தால்தான் உண்டு.

தெளிக்கிற வேலை என்னுடையது. டன்னுக்கு 30 கிராம் அயோடின் சேரும்படி பொட்டாசியம் அயோடேட்டைத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்க வேண்டும். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு மில்லில் மேஸ்திரியாக இருந்தேனே, அங்கே தெளிப்பான் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். லாரி வாசலில் நிற்கும். முதலாளி கத்துவார். தெளிக்காமலே சாக்கைத் தைத்து அனுப்பியிருக்கிறோம். தெளித்ததாக நோட்டில் எழுதியது நான். பார்த்தால் தெரியாது, நக்கினாலும் தெரியாது, அந்தத் தைரியம். அந்தச் சாக்குகள் எந்த ஊருக்குப் போயினவோ. உன் அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

பிள்ளைக்கு இந்த மாதங்களில் சொந்தத் தைராய்டு, அதாவது கழுத்துச் சுரப்பி, இன்னும் சரியாக வேலை தொடங்கியிருக்காது. உன் ரத்தத்தில் வருகிற தைராய்டு ஹார்மோனை நம்பித்தான் அதன் மூளை வளர்கிறது. நரம்பணுக்கள் தங்கள் இடத்துக்கு நகர்ந்து போய்ச் சேருவதற்கும் அது வேண்டும். அந்த ஹார்மோனைச் செய்ய அயோடின் வேண்டும். ரொம்பக் குறைந்தால் பிள்ளைக்குக் காது கேளாமல் போகலாம், மூளை வளர்ச்சி குன்றிப்போகலாம். கொஞ்சம் குறைந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. படிப்பில் பிந்தலாம், மக்கு என்று வாத்தியார் அடிப்பார், உப்பை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

சாதாரணமாக ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். எழுபது வருஷத்துக்கும் கூட்டினால் நாலு கிராம்கூட வராது! உனக்கு இப்போது 250 வேண்டும். அதற்காக உப்பை அள்ளிப் போடாதே, நம் வீட்டில் பிரஷர் இருக்கிறது. நீ மீன், முட்டை, பால் எல்லாம் சாப்பிடுகிறவள், அந்த மட்டில் நிம்மதி. அடுத்த தடவை போகும்போது டாக்டரம்மாவிடம் தைராய்டு பரிசோதனை பற்றிக் கேள். மாத்திரை வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும், நீயாக வாங்காதே.

கூரியரில் ரெண்டு கிலோ பொடி உப்பு வருகிறது. கல் உப்புதான் வேண்டுமென்றால் அதிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது. மூடி போட்ட டப்பாவில் வை, அடுப்பு ஓரத்தில் வேண்டாம். கூடவே அயோடின் இருக்கிறதா என்று பார்க்கிற மருந்து ஒரு சின்னக் குப்பியில் இருக்கும். உப்பில் ஒரு சொட்டு விடு. ஊதா நிறம் வந்தால் அயோடின் இருக்கிறது, எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. வராவிட்டாலும் அனுப்பு, மறைக்காதே.

அம்மா மாங்காய் ஊறுகாயும் வைத்திருக்கிறாள். அயோடின் உப்பு போட்டால் கறுத்துவிடும் என்று சண்டை பிடித்தாள். போட்டு ஒரு மாதம் ஆகிறது, கறுக்கவில்லை.

அப்பா