அத்தானுக்கு: நாயோடு கடல் கடக்கும் கணக்கு

லண்டன்
2024 யூன் 9

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் இங்கே நல்ல சுகம். அக்காவின் கால் வீக்கம் வற்றிவிட்டது என்று அறிந்து நிம்மதி. மாத்திரையை இடையில் நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

"லீவுக்கு ஜெர்மனிக்குப் போகிறீர்களே, நாயை ஆரிடம் விட்டுவிட்டுப் போவீர்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். ஆரிடமும் விடத் தேவையில்லை. இங்கிருந்து விமானம் ஏறாமலே நாயைக் கடல் கடத்தலாம். காலமெல்லாம் சுங்கத்தில் கடதாசி பார்த்தவர் நீங்கள், அரைகுறையாகச் சொன்னால் திருப்தி வராது. அதனால் விபரமாகவே எழுதுகிறேன்.

விமானம் ஏன் சரிவராது என்றால், பிரிட்டனுக்குள் வரும் நாயைப் பயணிகளோடு கூட்டிவர விடமாட்டார்கள். வழிகாட்டி நாய் போன்றவைக்கு மட்டும் விலக்கு. மற்றதெல்லாம் சரக்காகத்தான் இறங்க வேண்டும், அதற்கு முகவர் கூலி, பரிசோதனைக் கூலி என்று தனிச் செலவு. பக், புல்டோக் மாதிரிச் சப்பை மூக்கு நாய்களைப் பல நிறுவனங்கள் ஏற்றுவதேயில்லை. சூடும் பதற்றமும் சேர்ந்தால் அவற்றுக்கு மூச்சு முட்டிவிடும். லண்டனிலிருந்து பாரிசுக்கு ஓடும் யூரோஸ்டார் ரயிலிலும் நாய்க்கு இடமில்லை. மிஞ்சுவது கடலுக்கடியால் காரை ஏற்றிப்போகும் சுரங்க ரயிலும் கப்பலும்.

சுரங்க ரயில்தான் எல்லாவற்றிலும் சுகமானது. ஃபோக்ஸ்டனில் காரோடு ரயிலுக்குள் ஏறினால் 35 நிமிடத்தில் பிரான்சின் கலே. நாய் காரை விட்டு இறங்குவதேயில்லை, நாங்களும் அதன் பக்கத்திலேயே. நாய்க்கென்று ஒரு பக்கத்துக்கு இருபது பவுணுக்குச் சற்று மேலே எடுப்பார்கள். வயதான நாய், பயந்த நாய் என்றால் வேறு யோசனையே வேண்டாம்.

டோவரிலிருந்து கலேக்குக் கப்பலில் ஒன்றரை மணித்தியாலம். காசு குறைவாக முடியலாம், ஆனால் கப்பல் ஓடும்போது கார் நிற்கும் கீழ்த்தட்டைப் பூட்டிவிடுவார்கள். நாய் காருக்குள் தனியே, நாங்கள் மேலே. அங்கேதான் ஆட்கள் பிழை விடுகிறார்கள். காரின் திருட்டு அலாரம் உள்ளே அசைவு கண்டால் கத்தும். நாய் ஒருதரம் திரும்பிப் படுத்தாலே போதும், அலறல் தொடங்கிவிடும், கரை சேரும்வரை நிறுத்த ஆளில்லை, நாய் வெருண்டு கதவைப் பிறாண்டும். ஆகவே உள் அசைவு உணரியை மட்டும் அணைத்துவிட்டுப் பூட்ட வேண்டும். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி, தளம்பாத கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, உடுத்த பழைய சட்டை ஒன்றைப் பக்கத்தில் போட்டால் பெரும்பாலான நாய்கள் படுத்துவிடும். கூடவே வைத்திருக்க விரும்புகிறவர்களுக்கு பி அன்ட் ஓ கப்பல்களில் நாயோடு இருக்கத் தனி இருக்கைக்கூடம் இருக்கிறது, அதற்கு வேறாகக் கட்ட வேண்டும்.

கார் இல்லாதவர்களுக்கு ஹாரிச் வழி. லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறினால் ஹாரிச் துறைமுக வாசலிலேயே இறங்கலாம். இங்கே ரயிலில் ஒரு ஆளோடு இரண்டு நாய்வரை இலவசம். ஸ்டெனா லைன் கப்பல் இரவு 11 மணிக்குப் புறப்பட்டுக் காலை 8 மணிக்கு ஒல்லாந்தின் ஹூக் துறையை அடையும். நாயோடு தங்கக்கூடிய அறைகள் கொஞ்சம்தான், கோடையில் மாதக்கணக்கில் முன்பே முடிந்துவிடும். அது கிடைக்காவிட்டால் கப்பலின் நாய்க்கூடு. ஹூக்கில் இறங்கினால் மெற்றோ ரொட்டர்டாமுக்குப் போகும். ஒல்லாந்து ரயிலில் பெரிய நாய்க்கு ஒருநாள் ரிக்கெற் வாங்க வேண்டும், பைக்குள் அடங்கும் சின்ன நாய்க்கு ஒன்றுமில்லை. ஜெர்மன் ரயிலில் பெரிய நாய்க்கு ஏறக்குறைய அரை ரிக்கெற், வாய்மூடியும் கட்டாயம். ஜெர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் பக்கம் உறவினர் உள்ள எங்கள் ஆட்களுக்கு இது வசதியான பாதை.

கப்பலில் பெரிய தொல்லை, அலையைவிட மூத்திரம்தான். வீட்டில் பழகிய நாய் இரும்புத் தட்டில் காலைத் தூக்காது. இரவு முழுக்க அடக்கிக்கொண்டு முனகும். இதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே வீட்டில் பழக்க வேண்டும். ஈரம் உறிஞ்சும் விரிப்பையோ செயற்கைப் புல் துண்டையோ முற்றத்தில் போட்டு, அதில் போகும்போதெல்லாம் ஒரே சொல்லைச் சொல்லி, முடிந்ததும் தீனி கொடுக்க வேண்டும். பயணத்தன்று அது முன்பு நனைத்த துண்டு ஒன்றைப் பையில் கொண்டுபோய்க் கப்பலில் விரித்தால், தன் மணம் தெரிந்து அதிலேயே போகும். சாப்பாடு ஏறுவதற்கு ஐந்தாறு மணித்தியாலத்துக்கு முன் நிறுத்த வேண்டும், தண்ணீர் நிறுத்தக்கூடாது. வாந்தி எடுக்கும் நாய்க்கு மிருக வைத்தியர் நிறை பார்த்துச் செரீனியா மாத்திரை தருவார். மயக்க மருந்து மட்டும் வேண்டாம். அது இரத்த அழுத்தத்தை இறக்கும், உடம்பு சூட்டைச் சமாளிக்கும் சக்தியைக் கெடுக்கும்.

இனி உங்கள் துறைக்கு வருவோம். 1922 முதல் பிரிட்டனில் நாய்களிடம் விசர்நோய் ஒழிந்தது என்று கணக்கு. அதைக் காப்பாற்ற, வெளியிலிருந்து வரும் நாயை ஆறு மாதம் அடைத்து வைத்தார்கள். 2000ஆம் ஆண்டில்தான் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப், ஊசி, கடதாசி என்ற முறை வந்து அந்தச் சிறை தளர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிந்தபின், 2021 முதல் இங்கே கொடுத்த நாய்க் கடவுச்சீட்டு அங்கே செல்லாது. ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக விலங்குநலச் சான்றிதழ் எடுக்க வேண்டும். மிருக வைத்தியரைப் பொறுத்து 100 பவுணிலிருந்து 250வரை போகும். இது பகற்கொள்ளை என்பது என் அபிப்பிராயம், ஆனால் தப்ப வழியில்லை.

ஒழுங்கு மாறினால் எல்லாம் கெட்டுவிடும். முதலில் சிப், 15 இலக்கம். அதன் பிறகுதான் விசர்நாய்த் தடுப்பூசி, அதுவும் நாய்க்கு 12 கிழமை நிறைந்த பிறகு. சிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கில் சேராது, திரும்பப் போட வேண்டும். ஊசி போட்ட நாள் பூச்சியம், அதிலிருந்து 21 நாள் காத்திருக்க வேண்டும். யூன் 1இல் போட்டால் யூன் 22இல் பயணம். அடுத்த ஊசிக்குரிய தேதி ஒருநாள் தவறினாலும் அது முதல் ஊசியாகவே கணிக்கப்படும், திரும்பவும் 21 நாள்.

சான்றிதழ் அதிகாரம் பெற்ற மிருக வைத்தியர் மட்டுமே கொடுக்கலாம், ஒன்றியத்துக்குள் நுழைவதற்கு முந்தைய 10 நாளுக்குள். நுழைந்த பிறகு சில மாதம் அதை வைத்துச் சுற்றித் திரும்பலாம். இதில் பலர் விழும் குழி ஒன்று: சான்றிதழ் ஆங்கிலத்தோடு நாங்கள் முதலில் நுழையும் நாட்டின் மொழியிலும் இருக்க வேண்டும். கலே வழி என்று பிரெஞ்சில் எடுத்துவிட்டு, மலிவு ரிக்கெற் கிடைத்தது என்று ஹூக் வழி மாறினால் கடதாசி பொருந்தாது. ஆகவே முதலில் பாதை, பிறகு ரிக்கெற், கடைசியில் வைத்தியர். கையில் வாங்கியதும் அங்கேயே நின்று சிப் இலக்கத்தை ஒவ்வொன்றாகத் தடுப்பூசி அட்டையோடு ஒப்பிட வேண்டும். இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தாலே துறைமுகத்தில் திருப்பிவிடுவார்கள். வெட்டித் திருத்திய இடம் ஒவ்வொன்றிலும் வைத்தியரின் கையொப்பமும் முத்திரையும் இருக்கிறதா, பக்கம் எல்லாவற்றிலும் ஒரே குறிப்பு இலக்கமா என்றும் பார்க்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

சாப்பாட்டிலும் ஒரு விஷயம். இறைச்சியும் பாலும் சேர்ந்த எதையும் பிரிட்டனிலிருந்து ஒன்றியத்துக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், நாய்த்தீனியும் அதற்குள் அடங்கும். நோய்க்கென்று வைத்தியர் சொன்ன விசேஷத் தீனி மட்டும் உடைக்காத பொதியில் 2 கிலோவரை போகலாம். பெரிய மூட்டையோடு போனால் சுங்கத்தில் பறிபோகும். அதே வகைத் தீனி அங்கே என்ன பெயரில் விற்கிறது என்று முன்பே பார்த்து வைப்பது நல்லது. திடீரென்று தீனி மாறினால் வயிற்றோட்டம் வரும்.

போவது சுகம், திரும்புவதுதான் கஷ்டம். பிரிட்டனுக்குள் வருவதற்கு 24 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 120 மணித்தியாலத்துக்குக் கூடாமலும் நாய்க்கு நாடாப்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். மருந்தில் பிராசிகுவாண்டல் இருக்க வேண்டும், வைத்தியரே கொடுத்து, மருந்தின் பெயர், தேதி, நேரம் எழுதி முத்திரை குத்த வேண்டும். ஐரோப்பிய நரிகளின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழு பிரிட்டனில் இல்லை. அது மனிதருக்குத் தொற்றினால் ஈரலில் கட்டிபோல் வளரும். அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு. ஞாயிறு மாலை 6 மணிக்கு வந்து சேர்வதானால், மருந்து செவ்வாய் மாலை 6க்கும் சனி மாலை 6க்கும் இடையில். அனுபவப்பட்டவர்கள் வியாழனில் கொடுப்பார்கள். கப்பல் ஒருநாள் பிந்தினாலும் கணக்கு உடையாது. சனிக்கிழமைக்கு ஒத்திவைத்தால் வைத்தியசாலை பூட்டியிருக்கும். தேதியை மட்டும் எழுதி நேரத்தை விட்டுவிடும் வைத்தியர்கள் உண்டு. அந்தப் பெட்டி வெறுமையாக இருந்தால் நாயை ஏற்றமாட்டார்கள், திரும்ப மருந்து, திரும்ப 24 மணித்தியாலம். கலேயில் சுரங்க ரயிலுக்கு முன் நாய்களுக்கென்று தனி அலுவலகம் இருக்கிறது. சிப் வாசிக்கும் கருவியை எங்கள் கையிலேயே தந்து நாயின் தோளில் பிடிக்கச் சொல்வார்கள். ஓகஸ்டில் அங்கே வரிசை நீளும், ஒரு மணித்தியாலத்துக்கு மேலே ஒதுக்க வேண்டும்.

அமெரிக்காவுக்கும் கப்பல் இருக்கிறதா என்று மச்சான் கேட்டாராம். ஒன்றே ஒன்று: சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயோர்க் போகும் குயீன் மேரி 2. ஏழு இரவு. 2016இல் திருத்தியபோது நாய்க்கூடுகளைக் கூட்டினார்கள். நாய்கள் கால் தூக்க லிவர்பூல் விளக்குக்கம்பம் ஒன்றும் அமெரிக்கத் தீயணைப்புக் குழாய் ஒன்றும் மேல்தட்டில் நட்டிருக்கிறார்கள், வேடிக்கையில்லை, உண்மை. நாயை அறைக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள், குறித்த நேரத்தில் போய்ப் பார்க்கலாம். ஒரு வருடத்துக்கு மேலாகக் காத்திருப்போர் பட்டியல், செலவும் எங்களைப் போன்றோருக்கு எட்டாது.

கடைசியாக, உங்கள் வீட்டுக் கடுவன் நாயை இங்கே எடுக்கலாமா என்று அக்கா கேட்டிருந்தா. இலங்கை விசர்நோய் அபாயம் கூடிய நாடுகளின் வரிசையில் இருப்பதால் கணக்கு வேறு. சிப், ஊசி, ஊசிக்கு 30 நாளுக்குப் பின் இரத்தம் எடுத்து அங்கீகரித்த ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி 0.5 அலகுக்குக் குறையாமல் வந்தால், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அங்கிருந்து முழுக்கக் கப்பலில் வர வழியில்லை. பாரிஸ்வரை விமானம், அங்கிருந்து காரில் சுரங்க வழி என்று சிலர் கொண்டுவருகிறார்கள். ஆனால் பதினொரு வயது நாய்க்கு, கண்ணும் மங்கிய நிலையில், இந்த அலைச்சல் வேண்டாம் என்றே நான் சொல்வேன். அக்காவுக்கு நீங்களே மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்