சம்பாவைக் கரைசேர்த்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

காவிரிக் கடைமடையில் இருக்கும் எங்கள் வேளாண் கல்லூரிப் பண்ணையில் சம்பா அறுவடை முடிந்தது. வடகிழக்குப் பருவமழையில் மூழ்கிய பயிர் களத்துக்கு வந்து சேரக் கைகொடுத்த எல்லோருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி வடிகாலில் இறங்கியவர்களுக்கு. வயலைவிட வடிகாலில் மட்டம் உயர்ந்திருந்தால் எஞ்சின் வைத்து இறைத்தும் பயனில்லை. உடைந்த வரப்பு வழியே அதே தண்ணீர் திரும்பி வந்துவிடும். கீழ்ப்பக்க மதகுகளை அடைத்திருந்த ஆகாயத்தாமரையையும் காட்டாமணக்கையும் அகற்றிய பிறகுதான் மட்டம் இறங்கியது. அக்கம்பக்கத்து விவசாயிகள் தங்கள் வயலும் மூழ்கிக் கிடந்த நேரத்தில் அரிவாளோடு வந்து நின்றார்கள். அதை மறக்கவே முடியாது. கீழே உள்ள வயல்களில் ஒரேயடியாகத் தண்ணீர் பாயாதபடி மதகுப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிய லஸ்கர் (மதகுகளைத் திறந்து மூடும் பாசனப் பணியாளர்) ஐயாவுக்கும் நன்றி.

வெள்ளத்தைத் தாங்கும் சிஆர் 1009 சப்1 நெல் ரகத்தை நட்ட பட்டிகள் (வரப்பு கட்டிப் பிரித்த வயல் துண்டுகள்) நன்றாகவே தப்பின. மூழ்கிய சாதாரண நெல், தண்ணீருக்கு மேலே வர நீண்டு, சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்துவிடும். தண்ணீர் வடிந்ததும் சாய்ந்துவிடும். சப்1 மரபணு அந்த நீட்சியை அடக்கி, ஏறக்குறைய இரண்டு வாரம் பயிரைத் தாங்க வைக்கிறது. ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ நெல்லிலிருந்து வந்த மரபணு அது. அந்த நெல்லைத் தலைமுறைகளாகக் காத்த உழவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

நீர் வடிந்ததும் உரம் போட எல்லோருக்கும் கை பரபரக்கும். எங்கள் பண்ணைப் பணியாளர்கள் பொறுத்தார்கள். கறுத்துப்போன வேர் உரத்தை எடுக்காது. வெள்ளை வேரும் புதுக் குருத்தும் தெரிய வேண்டும். அதன் பிறகு ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஓரிரவு வைத்து, காலையில் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இட்டார்கள். வெளுத்த பயிருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ யூரியா, 1 கிலோ துத்தநாக சல்பேட் கரைத்துத் தெளித்தார்கள். பிபிடி 5204 என்ற நெல் ரகம் நட்ட பட்டியில் பாக்டீரியா இலைக்கருகல் தென்பட்டதும் அங்கே மட்டும் யூரியாவை நிறுத்தி, 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலின் தெளிவை அடித்தார்கள். அந்த நேரத்தில் தழைச்சத்து கொடுத்தால் நோய்க்குத்தான் தீனி.

அடர்ந்த குத்துகளை (ஒரே இடத்தில் சேர்ந்து வளரும் நெற்பயிர்க் கொத்துகளை) பிரித்து, செத்த இடங்களில் நட்ட நடவுக்குழு அக்காக்களுக்குத் தனி நன்றி. எந்தக் குத்து பிழைக்கும் என்பதை அடித்தண்டைக் கிள்ளிப் பார்த்தே மாணவர்களுக்குக் காட்டினார்கள்: வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாகக் குழைந்தால் இல்லை. உர அளவு ஒப்பீட்டுப் பட்டிகளின் வரப்புகள் உடைந்து எல்லாம் கலந்துவிட்டதால் அந்தச் சோதனை செல்லாது. ஆனாலும் மாணவர்கள் பட்டி பட்டியாகப் பிழைத்த குத்துகளை எண்ணிப் பதிவு செய்தார்கள். செய்முறைப் பாடமாக அது எந்த வகையிலும் குறைந்ததல்ல.

ஈர வயலுக்கு டயர் வண்டியைத் தவிர்த்து பெல்ட் வண்டியை அனுப்பிய அறுவடை இயந்திர உரிமையாளருக்கும் நன்றி. சக்கரத் தடம் ஆழமாகப் பதிந்த இடத்தில், நெல்லை அடுத்து வரும் உளுந்து முளைக்காது.

மற்றவர்கள் தந்த நாற்றை நட்ட பட்டிகளில் வேறு ரகம் கலந்திருக்கலாம் என்பதால் அவற்றின் நெல்லை விதைக்கு எடுக்கவில்லை. மற்ற பட்டிகளின் விதைநெல்லை 13 சதவீத ஈரப்பதத்துக்குக் காயவைத்து மூட்டை கட்டியாகிவிட்டது. நாற்றும் எஞ்சினும் தந்த குடும்பங்கள் முதலில் வந்து எடுத்துக்கொள்ளும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.

பண்ணைப் பொறுப்பாளர்கள், உழவியல் ஆசிரியர்கள், மாணவர்கள்