படுக்கும் இடத்தில் பிளக் இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்காரில் குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றி வருவது பற்றித் தங்கள் பயணப் பக்கத்தில் வந்த கட்டுரை ஆசையைக் கிளப்புகிறது. ஆனால் 'ஒரே சார்ஜில் 500 கிலோமீட்டர்' என்ற எண்ணை அப்படியே நம்பி எழுதியிருப்பது வாசகர்களைக் குழியில் தள்ளும். இந்தப் பயணத்தின் திட்டத்தை காரின் எண்ணிலிருந்து தொடங்கக் கூடாது. இரவு எங்கே படுக்கிறோம், அங்கே காருக்கு மின்சாரம் உண்டா என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் அந்த 500. ஐரோப்பாவில் விற்கும் கார்களின் தூரக் கணக்கு டபிள்யூஎல்டிபி என்ற ஆய்வகச் சோதனையில் வருவது. அதில் சராசரி வேகம் மணிக்கு சுமார் 46 கி.மீ. மட்டுமே. பிரான்ஸ், இத்தாலி, ஆஸ்திரியா நெடுஞ்சாலைகளில் அனுமதிக்கப்பட்ட வேகமோ 130. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுவதால், 110-ல் போகும்போது காற்றைக் கிழிக்கச் செலவாகும் மின்சாரத்தைப்போல ஏறத்தாழ 1.4 மடங்கு 130-ல் செலவாகும். 77 யூனிட் (கிலோவாட் மணி) பேட்டரியுள்ள ஒரு நடுத்தரக் குடும்பக் கார் 130-ல் 100 கி.மீ.க்கு 22 யூனிட் தின்றால், முழு பேட்டரியும் 350 கி.மீ.தான். கூரைமேல் பெட்டி கட்டினால் இன்னும் 10 முதல் 20 சதவீதம் கழியும். உறைபனிக் குளிர் என்றால் கால் பங்கு வரை போகும். மிதிவண்டிகளைக் கூரையில் ஏற்றாமல் பின்பக்கத் தாங்கியில் மாட்டினால் இழப்பு குறையும். சில மின்கார்களின் கூரைக்குச் சுமை அனுமதியே கிடையாது. இருப்பவற்றிலும் பல 75 கிலோவோடு நின்றுவிடும். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய பிறகு காரின் மொத்த எடை வரம்பைத் தாண்டுகிறதா என்பதையும் பதிவுச் சான்றிதழில் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியே கனம் என்பதால் ஏற்ற அனுமதிக்கும் சுமை பலர் நினைப்பதைவிடக் குறைவு. டயர் காற்றை, கதவுத் தூணில் ஒட்டியுள்ள தாளில் முழுச்சுமைக்கு எழுதியிருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள்.

இப்போது வழியை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் கொலோனிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசல், கோட்ஹார்ட் சுரங்கம் வழியாக இத்தாலியின் மிலானோ சுமார் 850 கி.மீ. அதே காரில் ஒரே நாளில் போனால், 100-லிருந்து 10 சதவீதம் வரை ஓட்டி முதல் 315 கி.மீ. கடக்கலாம். பிறகு 10-லிருந்து 80 வரை ஏற்றும் ஒவ்வொரு முறையும் 245 கி.மீ. ஆக, மூன்று நிறுத்தங்கள். அதையே பாசலில் ஓர் இரவு தங்கி உடைத்தால் முதல் நாள் ஒரு நிறுத்தம், 25 நிமிடம். இரவு தங்குமிடத்தில் 11 கிலோவாட் இணைப்பு இருந்தால் 10-லிருந்து 100-க்கு ஏழு மணி நேரம்; காலையில் பேட்டரி நிறைந்திருக்கும். மறுநாள் மீதி 350 கி.மீ.க்கு ஒரு காபி குடிக்கும் நேரம் நின்றால் போதும். சுவிட்சர்லாந்தில் வேக வரம்பு 120 என்பதால் அதுகூடத் தேவைப்படாமல் போகலாம். இரவில் ஏறும் மின்சாரத்துக்காக யாரும் காத்திருப்பதில்லை, பெரும்பாலும் விலையும் குறைவு.

ஆனால் தங்குமிடத் தளங்களில் 'மின்கார் சார்ஜிங் உண்டு' என்ற குறியைப் பார்த்ததும் பணம் கட்டிவிடாதீர்கள். இரண்டே பிளக்குக்கு அறுபது அறைகள் இருக்கும். சில இடங்களில் அந்தக் குறி, தெருமுனையில் உள்ள பொதுச் சார்ஜரைத்தான் சுட்டும். எத்தனை பிளக், எத்தனை கிலோவாட், முன்பதிவு செய்யலாமா, கட்டணம் யூனிட்டுக்கா ஓர் இரவுக்கா என்று எழுதிக் கேட்டுப் பதில் வாங்குங்கள். சார்ஜரில் 22 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலான கார்கள் மாறுமின்சாரத்தில் 11-க்கு மேல் வாங்காது. அதை பேட்டரிக்கேற்ற நேர்மின்சாரமாக்கும், காருக்குள் இருக்கும் மாற்றியின் அளவு அவ்வளவுதான்.

வீட்டுச் சாக்கெட்டைத் தருகிறேன் என்று விடுதிக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. 230 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் மணிக்கு 2.3 யூனிட், பத்து மணி நேரத்தில் இழப்பு போக 20 யூனிட், நெடுஞ்சாலையில் 90 கி.மீ. இதில் கெடுவது இரண்டு இடத்தில். பழைய வீட்டின் சாக்கெட் பல மணி நேரத் தொடர் மின்னோட்டத்தில் சூடேறும்; அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் காரின் திரையிலேயே ஆம்பியரைக் குறையுங்கள். நீட்டிப்பு வயர் பயன்படுத்தினால் சுருளை முழுதும் பிரித்துவிடுங்கள். சுற்றியபடியே விட்டால் உள்ளுக்குள் உருகும். ஜெர்மனியின் பிளக் சுவிட்சர்லாந்தில் நுழையாது, இத்தாலியிலும் டென்மார்க்கிலும் வேறு வேறு வடிவங்கள். முகாம்களில் இருப்பது நீல நிற மூன்று முனைப் பிளக், 16 ஆம்பியர் தாங்கும். ஆனால் பல முகாம்களில் ஃபியூஸ் 6 அல்லது 10 ஆம்பியர்தான். 16-ல் போட்டால் நள்ளிரவில் பக்கத்துக் கூடாரத்துக்கும் சேர்த்து இருட்டு.

இதோடு, இரு முனையிலும் 'டைப் 2' (ஐரோப்பாவின் மெதுவான சார்ஜர்களுக்கான பிளக் வடிவம்) உள்ள கேபிள் ஒன்று கட்டாயம் வேண்டும். மெதுவான பொதுச் சார்ஜர்களில் பெரும்பாலானவை வெறும் துளையோடுதான் நிற்கும், வயர் நம்முடையது. மும்முனை மின்சாரத்துக்கான (த்ரீ ஃபேஸ்) கேபிள், ஐந்து முதல் ஏழு மீட்டர் நீளம் நல்லது. வாடகைக் கார் எடுப்பவர்கள் இந்தக் கேபிள் பின்பெட்டியில் இருக்கிறதா, எத்தனை சதவீதத்தில் திருப்பித் தர வேண்டும், எந்தெந்த நாட்டுக்குள் ஓட்ட அனுமதி என்பதைச் சாவி வாங்கும் முன்னரே கேட்டுவிடுங்கள். தெருவோரச் சார்ஜரில் இரவு முழுவதும் நிறுத்தும் திட்டம் இருந்தால் ஒரு எச்சரிக்கை: ஜெர்மனியில் பல நிறுவனங்கள் நான்கு மணி நேரம் தாண்டியதும் நிமிடக் கணக்கில் தடுப்புக் கட்டணம் போடுகின்றன.

வேகச் சார்ஜருக்கு வருவோம். 80 சதவீதத்தைத் தாண்டி ஏற்றுவது நேர விரயம். குடம் கழுத்துவரை நிரம்பியதும் குழாயைத் திருகிக் குறைக்கிறோமே, காரும் அதைத்தான் செய்கிறது. 80-லிருந்து 100-க்கு ஆகும் நேரத்தில் 10-லிருந்து 80 வந்துவிடும். அதிக சதவீதத்தில் குறைவாக ஏற்றுவதைவிட, குறைந்த சதவீதத்தில் வந்து சேர்வது லாபம். அடுத்த சார்ஜரைக் காரின் சொந்த வரைபடத்தில் இலக்காகக் குறித்தால், பல கார்கள் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கித் தயார் செய்யும். கைப்பேசி வரைபடத்தைப் பார்த்து ஓட்டினால் காருக்கு அது தெரியாது. குளிர்ந்த பேட்டரியோடு 150 கிலோவாட் சார்ஜரில் நின்று 50 மட்டும் வருகிறதே என்று திட்டுவதில் பயனில்லை. குறைந்த வேகத்துக்கு இன்னொரு காரணம், ஒரே தூணில் இரண்டு கேபிள். பக்கத்துக் கார் இணைந்ததும் மின்திறன் பங்கு பிரியும். காலியான தூணைத் தேர்ந்தெடுங்கள்.

இன்று ஐரோப்பாவில் வேகச் சார்ஜரின் பிளக் சிசிஎஸ் 2. பழைய நிசான் லீஃபின் சாடெமோ பிளக் புதிய நிலையங்களில் அரிதாகிவருகிறது. அந்தக் காரை எடுத்துக்கொண்டு நீண்ட பயணம் கிளம்புவது வீண் பிடிவாதம். டெஸ்லாவின் சூப்பர்சார்ஜர்கள் 2021 நவம்பரில் நெதர்லாந்தில் தொடங்கி மற்ற கார்களுக்கும் படிப்படியாகத் திறக்கப்பட்டன. எல்லா இடமும் திறக்கவில்லை, டெஸ்லா செயலியில் காட்டுபவை மட்டும். இங்கே இரண்டு சிக்கல். அவற்றில் பலவற்றின் கேபிள் குட்டை. சார்ஜ் துளை வலப்பக்கப் பின்புறம் இருக்கும் கார்கள் பக்கத்து இடத்தையும் அடைத்து நிற்க நேரும். இன்னொன்று, ஹியுண்டாய் அயோனிக் 5, கியா இவி6 போன்ற 800 வோல்ட் கார்கள் 350 கிலோவாட் சார்ஜரில் 18 நிமிடத்தில் 10-லிருந்து 80-ஐ எட்டக்கூடியவை. 400 வோல்ட் கார்களுக்காக அமைந்த சூப்பர்சார்ஜர்களில் வேகம் பாதிக்கு இறங்கும். அந்தக் கார்களுக்கு அயோனிட்டி, ஃபாஸ்ட்நெட் போன்ற சார்ஜிங் நிறுவனங்களின் உயர்திறன் தூண்களே பொருத்தம்.

காசு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சந்தா இல்லாமல் நெடுஞ்சாலையில் ஏற்றினால் பல இடங்களில் யூனிட்டுக்கு 0.60 முதல் 0.80 யூரோ. அதே பேட்டரியில் 10-லிருந்து 80 வரை 54 யூனிட் ஏற்ற, 0.75 விலையில் சுமார் 40 யூரோ, 0.45-ல் 24. வழியில் எந்த நிறுவனத்தின் நிலையங்கள் அதிகம் வருகின்றனவோ அதன் மாதச் சந்தாவை ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்து, ஊர் திரும்பியதும் மறக்காமல் நிறுத்துங்கள். ஜெர்மனியில் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கும் ஓய்விடங்களைவிட, வெளியேறி ஓரிரு நிமிடத்தில் வரும் ஆட்டோஹோஃப்களும் (லாரிகள் நிற்கும் ஓய்விடங்கள்) பேரங்காடி வாசல்களும் பெரும்பாலும் மலிவு. ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கு வழியான ஏ7-ல் மதிய வேளைக்கு வரிசை நிற்பதால், அன்று இந்த விலகல் நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 2024 ஏப்ரல் 13-க்குப் பிறகு நிறுவப்படும் 50 கிலோவாட்டும் அதற்கு மேலுமான பொதுச் சார்ஜர்கள் சாதாரண வங்கி அட்டையை ஏற்க வேண்டும், விலையை யூனிட் கணக்கில் காட்ட வேண்டும். முக்கிய நெடுஞ்சாலைகளில் உள்ள பழையவற்றுக்கு 2027 ஜனவரி 1 வரை அவகாசம். அதனால் இன்னமும் ஒரு செயலியும், பல நிறுவனங்களின் சார்ஜர்களிலும் செல்லும் சார்ஜ்மேப் போன்ற ஒரு பொது அட்டையும் கையில் வேண்டும். அந்தப் பொது அட்டைதான் முக்கியம். ஒன்றியத்தின் கைப்பேசி ரோமிங் விதி சுவிட்சர்லாந்தைக் கட்டுப்படுத்தாது. எல்லை தாண்டியதும் கைப்பேசியில் டேட்டா நின்றுபோனால் செயலி திறக்காது, அட்டை வேலை செய்யும். வங்கி அட்டையைத் தட்டும் ஒவ்வொரு முறையும் சார்ஜர் ஒரு முன்தொகையை முடக்கிவைக்கும். மூன்று முறை தோற்று நான்காம் முறை ஏறினால், முதல் மூன்று தொகையும் விடுபடச் சில நாட்கள் ஆகலாம். கணக்கில் குறைவாக வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். சார்ஜர் மீது ஒட்டியிருக்கும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்யும் முன் அது மேல் ஒட்டிய போலியா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மோசடிக்காரர்களுக்கு இது பழகிய தொழிலாகிவிட்டது.

சார்ஜ் தொடங்கவில்லையா? கனமான கேபிள் தொங்கி முனை சரிவதுதான் அடிக்கடி நேரும் காரணம். தொடர்பு உறுதியாகும்வரை பிளக்கைக் கையால் தாங்கிப் பிடியுங்கள். பிறகும் வராவிட்டால் காரைப் பூட்டித் திறந்து, பக்கத்துத் தூணுக்கு மாறுங்கள். ஒரே தூணோடு இருபது நிமிடம் போராடுவதைவிட அது மேல். தொலைபேசியில் உதவி கேட்டால் முதல் கேள்வியே தூணின் எண்தான். மாறிக்கொள்ளப் பக்கத்தில் இன்னொரு தூண் வேண்டும் என்பதால், ஒற்றைத் தூண் மட்டும் உள்ள நிலையத்தை நம்பி 5 சதவீதத்தில் போகாதீர்கள். நாலைந்து தூண் உள்ள இடத்துக்கு 10 முதல் 15 சதவீதத்தோடு சேரும்படி ஏ பெட்டர் ரூட் பிளானர் போன்ற திட்டச் செயலியில் அமைத்துக்கொள்ளுங்கள்.

மலை பற்றிய பயம் வேண்டாம், கணக்கு போதும். குடும்பத்தோடு 2,300 கிலோ எடையுள்ள காரை 1,000 மீட்டர் உயர்த்த ஆறேகால் யூனிட், இழப்போடு ஏழு. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கிலிருந்து பிரென்னர் கணவாய்க்கு ஏற்றம் சுமார் 800 மீட்டர்தான். இறங்கும்போது பாதிக்கு மேல் திரும்பி வரும். ஒரே ஒரு நிபந்தனை: மலையுச்சி விடுதியில் 100 சதவீதம் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரிக்குள் மின்சாரம் திரும்ப இடமில்லாததால் சாதாரண பிரேக்குதான் முழுச்சுமையையும் தாங்கும், 85-ல் நிறுத்துங்கள். போக்குவரத்து நெரிசலைக் கண்டும் அஞ்ச வேண்டாம். நின்ற காரில் ஏசி மணிக்கு ஒரு யூனிட் அளவில்தான் எடுக்கும்.

மின்கார் என்பதற்காகச் சாலைக் கட்டணம் பெரும்பாலான நாடுகளில் தானாக விலகிவிடாது. சுவிட்சர்லாந்தில் நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கான ஆண்டு வில்லை (விக்னெட்) ஒன்றே, 40 பிராங்க். குறுகிய காலத்துக்குக் கிடையாது. ஆஸ்திரியாவில் வில்லை தனி, பிரென்னர் நெடுஞ்சாலைக்குக் கட்டணம் தனி. இரண்டையும் அரசுத் தளங்களிலேயே வாங்குங்கள். தேடலில் மேலே வருபவை கூடுதல் பணம் பிடுங்கும் இடைத்தரகர்களாக இருக்கலாம். பாரிஸ்–நார்மண்டி ஏ13-ல் சுங்கச் சாவடி கிடையாது. கேமரா படம் எடுக்கும், 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் கட்ட வேண்டும். ஜெர்மனியின் சுற்றுச்சூழல் மண்டலங்களுக்குள் புகையே விடாத மின்காருக்கும் பச்சை ஸ்டிக்கர் கட்டாயம், இல்லாவிட்டால் 100 யூரோ அபராதம். இத்தாலியப் பழைய நகரங்களின் தடை மண்டலங்களில் மின்காருக்குச் சலுகை ஊருக்கு ஊர் மாறும். விடுதிக்காரரிடம் வண்டி எண்ணைக் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாதங்கள் கழித்து வீட்டுக்கு அபராதக் கடிதம் வரும்.

காப்பீட்டில் சாலை உதவி இருந்தால், பேட்டரி தீர்ந்து நிற்பதும் அதில் அடங்குமா, வெளிநாட்டில் செல்லுமா என்று புறப்படும் முன் கேட்டு வையுங்கள். வண்டியை இழுக்க வருபவரிடம் மின்கார் என்று முதலிலேயே சொல்லித் தட்டு லாரி அனுப்பச் சொல்லுங்கள். மோட்டாரோடு இணைந்த சக்கரங்கள் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுத்தால் மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கிப் பாகங்கள் கெட்டுப்போகும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்