காப்பகங்கள் எல்லாம் இருட்டறைகள் அல்ல

ஆசிரியருக்கு,

விக்டோரியா கால மனநலக் காப்பகங்கள் வெறும் இருட்டறைகள் என்பது பாதி உண்மையே. லண்டனை அடுத்து 1893இல் திறக்கப்பட்ட கிளேபரி காப்பகத்தில், கட்டடக் கலைஞர் ஜார்ஜ் தாமஸ் ஹைன் வார்டுகளை நேர்வரிசையில் நிறுத்தாமல் ஒன்றையடுத்து ஒன்றாகப் பின்தள்ளி அமைத்தார். அதனால் ஒன்றின் நிழல் மற்றொன்றில் விழாது. தெற்கு வெயில் எல்லா வார்டுக்கும் கிடைக்கும். வார்டுகளை இணைப்பவை தாழ்வான நடைவழிகள். உயரமான தண்ணீர்க் கோபுரம் அழகுக்கு அல்ல, குழாயில் அழுத்தம் வேண்டும் என்பதற்காக. இத்தகைய காப்பகங்களில் ஜன்னல் சுமார் 5 அங்குலமே திறக்கும். காற்று வரும், ஆள் அதன் வழியே வெளியேற முடியாது.

கெட்டது கட்டடத் திட்டமல்ல, நோயாளிகளின் நெரிசல்.

கிளேபரி இன்று குடியிருப்பு. இவ்வகைப் பழஞ்சுவர்களைப் பழுதுபார்க்கும்போது, சுண்ணாம்புச் சாந்து இணைப்புகளில் சிமென்ட் பூசக் கூடாது. ஈரம் உள்ளேயே தங்கி, பனிக்காலத்தில் உறைந்து, செங்கல்லின் முகப்பு செதில் செதிலாக உதிரும்.

— வாசகர், திருச்சி